மதுவிலக்குத் துறையின் சின்னத் தட்டுகள்

பெருநகரங்களில் இப்போது ஒயின் பார் மோகம். மங்கலான விளக்கு, உயரமான முக்காலி, நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை. சாப்பாடு உள்ளங்கை அகலத் தட்டில் வரும். இரண்டு வாய்க்கு மேல் தேறாது. தீர்ந்ததும் அடுத்த தட்டு. பெங்களூரிலும் மும்பையிலும் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஞாயிறு இணைப்பிதழில் அரைப்பக்கம் உருகுகிறவர்கள், ஸ்பெயின்காரன் நமக்குச் சொல்லிக்கொடுத்த கலை இது என்கிறார்கள். அபாண்டம். திருத்தணிக்காரன் வருஷக்கணக்கில் சின்னத் தட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இங்கே அதற்கு டச்சிங்ஸ் என்று பெயர். உபயம், தமிழ்நாடு அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

தமிழ்நாட்டில் நீங்கள் நினைத்தபடி ஒரு ஒயின் பாரைத் தனியாகத் திறந்துவிட முடியாது. ஓட்டல் வைத்திருந்தால் எஃப்.எல். 3 உரிமம், கிளப் வைத்திருந்தால் எஃப்.எல். 2 உரிமம். இரண்டுக்கும் வழியில்லாத ஊருக்கு அரசு மனமிரங்கி வைத்திருப்பது டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். அங்கே ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பது எப்படி என்று இணைப்பிதழ்கள் எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கடை என்று கேட்க வேண்டாம். எதற்குள் நுழைந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மின்சார ரயிலில் வரலாம், திருப்பதி சாலையில் பஸ்ஸிலும் வரலாம். பொழுது சாயும் நேரம் உத்தமம். விசைத்தறிக்காரர், கொத்தனார், லோடுமேன், ஆட்டோக்காரர் எல்லோரும் கூலியைக் கையில் வாங்கியிருப்பார்கள். வரவேற்க ஆள் கிடையாது, ஈ உண்டு. முதலில் கடை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அரசு உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் நீங்கள். நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஒயின் பாரில் இதற்கென்றே படித்த ஒருவர் வந்து எந்தத் தோட்டத்துத் திராட்சை, எந்த வருஷத்து மழை என்று விவரிப்பாராம். இங்கே விவரிப்பது வாடிக்கையாளரின் வேலை. அவர் சரக்கின் பெயரைச் சொல்வதில்லை. "நூத்திநாப்பது ஒண்ணு குடு" என்பார். விலைதான் பெயர். டிப்போவிலிருந்து எது வந்து இறங்கியதோ அது கைக்கு வரும். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை.

பாட்டிலோடு பக்கத்துக் கொட்டகைக்குள் வாருங்கள். தகரக் கூரை. ஈரம் காயாத தரை. ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் மேசை. பரிமாறுகிற பையனுக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. ஆந்திர எல்லை ஊர் என்பதால் இரண்டு மொழி அத்துப்படி. "ணா, இன்னா வோணும்? போட்டி சூடா கீது." நகரி பக்கத்திலிருந்து வந்தவர் மேசைக்குத் திரும்பி அதே மூச்சில், "அன்னா, போட்டி வேடிகா உந்தி." ஒயின் பாரில் பிரெஞ்சுச் சொல்லைத் தப்பில்லாமல் உச்சரிக்கிற பணியாளருக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. இந்தப் பையனுக்குக் கிடைப்பது, "டேய், சீக்கிரம் எட்தாடா."

இனி தட்டுகளுக்கு வருவோம். முதல் தட்டு, மாங்காய்க் கீற்று. உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, நாளிதழ்த் துண்டில் வரும். பெரும்பாலும் அதில் ஒரு அமைச்சர் ஏதோ ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது, அவித்த முட்டை, நாலாகக் கீறி மிளகுத்தூள் போட்டது. மூன்றாவது, கொண்டைக்கடலைச் சுண்டல். நாலாவது, போட்டி வறுவல். இதை மட்டும் கேலி செய்ய மாட்டேன். பின்கட்டு அடுப்பில் நிற்கிற சமையல்காரர் கைமணம் அப்படி. எந்த ஒயின் பாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம், அவருக்கும் ஒரு மின்விசிறி கிடைக்கும். ஐந்தாவது, சிக்கன் பக்கோடா. அந்தச் சிவப்பு மிளகாயின் சிவப்பு அல்ல, மறுநாள் வரை விரலை விட்டுப் போகாது.

ஆறாவது தட்டுக்குத் தட்டே கிடையாது. மூலையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தறியிலிருந்து நேராக வந்தவர், தோளில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. பையன் வந்து நிற்கிறான். "டச்சிங்ஸ் இன்னாணா?" அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊறுகா குடு" என்கிறார். பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்து நாக்கில் ஒரு சொட்டு வைக்கிறார். டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்க்கிறார். மறுபடி ஒரு சொட்டு. மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுவிடாதீர்கள். ஒயின் பாரில் தட்டு சிறிதாக இருப்பதற்குச் சமையல் தத்துவம் காரணம். இங்கே சிறிதாக இருப்பதற்குக் காரணம், குவார்ட்டருக்குக் கொடுத்தது போக மிச்சம் அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குடிக்கிறவனைத்தான் குடி சீக்கிரம் தின்கிறது. இதை அரசு மருத்துவமனையில் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிற அரசுதான் இவருக்குக் குவார்ட்டரும் கொடுக்கிறது.

கோப்பைக்கு வருவோம். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சந்தையில் கீரைக்காரம்மா ஒரு மெல்லிய பையில் கட்டைப் போட்டுக் கொடுத்தால் அபராதம் போடக் கிளம்பி வருகிற அதிகாரிகள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கொட்டகைக்கு மட்டும் வழி தெரியாது. தடை செய்யப்பட்ட டம்ளரில், தடை செய்யப்பட்ட பாக்கெட்டைப் பிய்த்து ஊற்றி, மதுவிலக்குத் துறை விற்ற மதுவைக் கலந்து குடிக்கிறான் தமிழன். இவ்வளவு விலக்குகளைத் தாண்டி ஒருவன் போதையேறுவதே சாதனை.

கழிப்பறையா? பின்பக்கம் சுவர் இருக்கிறது. பெண்களுக்கு? அவர்கள் உள்ளே வருவதில்லை. பத்து மணிக்கு வெளியே வந்து நின்று, விழுந்து கிடப்பது தன் வீட்டு ஆள்தானா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த விருந்தை நடத்துகிறவர் யார்? அரசு அல்ல. அரசு டெண்டர் விட்டிருக்கிறது. பார் எடுப்பவருக்கு டெண்டர் கொடுக்கிற உரிமைகள் இரண்டு: தின்பண்டம் விற்பது, காலிப் பாட்டில் சேகரிப்பது. அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றி டெண்டருக்கு அக்கறை இல்லை. பாட்டிலுக்காவது ஒரு நாதி பிறந்தது. நீலகிரிக் காட்டில் உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் பத்தைத் திருப்பித் தருகிற திட்டம் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். யானைக் காலுக்கு நீதி கிடைத்தது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள், காலியான ஆளைத் திருப்பிக் கொடுக்கத்தான் கவுன்ட்டர் இல்லை.

துறையின் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சட்டப்படி அது சரி. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1971-இல் நிறுத்தினார்கள், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி தளர்த்தினார்கள், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. இத்தனையும் அந்த மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் நடந்தவை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடையோடு பார் நடத்த இதில் இடமில்லையே, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். டாஸ்மாக் மேல்முறையீட்டுக்கு ஓடியது. பார்கள் திறந்தே இருக்கின்றன.

2003-04-இல் மதுவால் அரசுக்குக் கிடைத்தது 3,639 கோடி ரூபாய். 2024-25-இல் 48,344 கோடி. இடையில் ஆட்சிகள் மாறின, வரைபடம் மட்டும் மொத்தத்தில் மேல்நோக்கியே போனது. மனசாட்சிக்காக அவ்வப்போது கடை மூடுவார்கள். 2016-இல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே ஐந்நூறு கடைகளை மூடக் கையெழுத்திட்டார். 2017-இல் பழனிசாமி ஐந்நூறு. 2023-இல் ஸ்டாலின் அரசு ஐந்நூறு. கட்சி எதுவானாலும் மனசாட்சியின் அளவு ஐந்நூறுதான். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அதே எண் குறுக்கே வந்தது. கடைகள் மூடப்பட்டன, ஊருக்குள் நகர்ந்தன. சில இடங்களில் கடையை நகர்த்துவதைவிடச் சுலபமாக நெடுஞ்சாலையின் பெயரையே மாற்றப் பார்த்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில், எங்கள் ஊருக்குள் கடை வேண்டாம் என்று சாலைக்கு வந்த ஒரு பெண்ணின் கன்னத்தில் காவல்துறை அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது. அரசின் வாடிக்கையாளர் சேவை அப்படி.

தணிகை முருகன் விஷயத்துக்கு வருகிறேன். விதிப்படி நகராட்சியில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டர் தள்ளிக் கடை வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் 100 மீட்டர். அதாவது கிராமத்துச் சாமிக்குக் கொஞ்சம் கூச்சம் அதிகம், நகராட்சிச் சாமி பழகிக்கொள்ளும். நம்முடையவர் 365 படி ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிறார், டேப் எட்டாத உயரம், ஆட்சேபணை வராது. மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும். சூரனை வென்ற சினம் தணிந்த மலை என்பதால் இங்கே அது கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் கீழே இவ்வளவும் நடக்கிறது போலிருக்கிறது.

ஆண்டுக்கு எட்டு நாள் கடைக்கு விடுமுறை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள் எல்லாம் பட்டியலில் உண்டு. வள்ளலார் சிறு வயதில் கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டவர் என்பார்கள். கண்டவருக்கு ஒரு நாள் மரியாதை. காட்சி கொடுத்தவருக்கு? லட்சக்கணக்கில் காவடி ஏறுகிற ஆடிக் கிருத்திகை அந்தப் பட்டியலில் இல்லை. டிசம்பர் 31 இரவு இங்கே படித் திருவிழா. வெள்ளைக்கார துரைக்குப் புத்தாண்டு சலாம் போடப் பழத்தோடு ஓடிய ஜனங்களைத் தடுத்து, முதல் கும்பிடு தணிகைத் துரைக்கு என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. இன்றைக்கும் படிக்குப் படி கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். அதே இரவின் வசூல் எத்தனை கோடி, எந்த மண்டலம் முதலிடம் என்று மறுநாள் பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போடும். துரை போய்விட்டார். சலாம் மட்டும் அரசாங்கக் கவுன்ட்டருக்கு மாறிவிட்டது.

இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே ஒரு போராட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் ஆட்கள் சிறைக்குப் போனார்கள். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று இங்கே வந்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய எல்லைக்கு இன்றைய உபயோகம் விலை விசாரிப்பது. 2019-க்குப் பிறகு ஆந்திர அரசு கடைகளைத் தானே எடுத்து விலையை ஏற்றியது, கேள்விப்படாத பெயர்களில் சரக்கு விற்றது. இந்தப் பக்கத்துச் சரக்குக்கு அந்தப் பக்கம் மவுசு. 2024 அக்டோபரில் அங்கே கடைகள் மறுபடி தனியாரிடம் போயின, குவார்ட்டர் 99 ரூபாய்க்கு வந்தது. இப்போது நம்மவர்கள் நகரிக்குப் பஸ் கணக்குப் போடுகிறார்கள். நாற்பது ரூபாய் மிச்சத்தில் போக்குவரத்துச் செலவு போக ஊறுகாய் மிஞ்சுமா என்பதே இன்றைய எல்லைப் பிரச்சினை.

பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. அந்தப் பக்கத்துப் பனையில் கள் இறக்கலாம். இந்தப் பக்கத்துப் பனையில் 1987-லிருந்து குற்றம். மரத்திலிருந்து இறங்கினால் குற்றம், ஆலையிலிருந்து இறங்கினால் வருவாய்.

ஆட்சியாளர்களின் ரசனையையும் சொல்லாவிட்டால் விமர்சனம் முழுமையாகாது. 2023-இல் கோயம்பேடு வணிக வளாகக் கடையில் பணம் போட்டால் பாட்டில் தருகிற இயந்திரம் வைத்தார்கள். அங்கே கம்பி வலை கிடையாது, குளிர்சாதனம் உண்டு. பணக்காரர் கையை இயந்திரம் நம்புகிறது, தறிக்காரர் கைக்குத்தான் சந்து. அதே ஆண்டு கல்யாண மண்டபத்தில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று அரசாணை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். பிறகு துறை அமைச்சர் 90 மில்லி டெட்ரா பாக்கெட் யோசனையைச் சொன்னார், கூலிக்காரர் பாதி குவார்ட்டருக்குக் கூட்டாளி தேடி நிற்க வேண்டாமே என்று. தட்டைச் சின்னதாக்கியாயிற்று, இனி சரக்கையும் சின்னதாக்கிவிட்டால் ஐரோப்பியத் தரம் வந்துவிடும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசுக் கடைச் சரக்கு கட்டுப்படியாகாமல் பாக்கெட்டுக்குப் போனவர்கள். பிணங்கள் வரிசையாக எரிந்த அதே மாதம், சட்டசபையில் ஒரு மூத்த அமைச்சர் விளக்கம் தந்தார். உழைத்துக் களைத்தவர்களுக்கு டாஸ்மாக் சரக்கில் கிக் போதவில்லையாம், அது அவர்களுக்குக் கூல்டிரிங்க் மாதிரி ஆகிவிட்டதாம். சபை கலைந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2015 ஜூலை 31 அன்று, உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை மூடச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற காந்தியவாதி சசிபெருமாள் செத்துப்போனார். அதே ஆண்டு டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய பாடகர் கோவன் மீது தேசத்துரோக வழக்கு போட்டார்கள். குடித்தால் வருவாய், பாடினால் துரோகம்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்பார்: குடிக்காமல் இருக்கலாமே ஐயா, யார் குடிக்கச் சொன்னது? இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் சனிக்கிழமை கிளப்பில் உட்கார்ந்து, வறுத்த முந்திரி பாதித் தட்டோடு கேட்பார். அவர் குடித்தால் ரசனை. வீட்டுக்கு டிரைவர் கொண்டுபோய் விடுவார். தறிக்காரர் குடித்தால் சமூகச் சீரழிவு. போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்புவார். உள்ளே போவது ஒரே ஆல்கஹால், வரியும் ஒரே கஜானாவுக்குத்தான் போகிறது. நான் பூரண மதுவிலக்குக் கேட்டு எழுதவில்லை. கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த பிறகு அதை அவ்வளவு சுலபமாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் ஆத்திரம் வேறு. இந்த அரசுக்கு விற்பதில் வெட்கமே இல்லை, இலக்கு வைத்து விற்கிறது. வாங்குகிறவன் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கப்படுகிறது. அந்த வெட்கத்துக்குத்தான் கம்பி வலை. அதனால்தான் தகரக் கொட்டகை, மூத்திரச் சுவர், ஊறுகாய்ப் பாக்கெட். கொட்டகை எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு, உள்ளே இருப்பவன் கேவலமானவன் என்று வெளியே நிற்பவர்களை நம்பவைக்கலாம். பணம் வாங்கியவனின் கேவலம் பேச்சில் வராது.

அடுத்த டெண்டர் அறிவிப்பில் இவற்றைச் சேருங்கள்: குடிக்க நல்ல தண்ணீர். கழுவிய எவர்சில்வர் டம்ளர். கதவு உள்ள கழிப்பறை. பரிமாறப் பதினெட்டு வயது நிரம்பிய ஆள், அவருக்குச் சட்டப்படி சம்பளம். ஊறுகாய் விலைக்கு ஒரு தட்டு சாம்பார் சாதம். குடியை விட நினைப்பவருக்கு எந்த அரசு மருத்துவமனையில் எந்த அறைக்குப் போவது என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. 48,344 கோடி ரூபாய் கொடுத்தவர்கள் இவ்வளவு கேட்பது பேராசை என்று தோன்றினால், அதைக் கோட்டையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது திருத்தணித் தெருவில், அந்தக் கொட்டகை வாசலில் நின்று, பத்து மணிக்கு வந்து நிற்கிற அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள்.